பேஸ் கிட்டாருக்குப் புது ஆம்ப் வாங்குவதா, ப்ரீஆம்ப் பெடல் போதுமா? வடசென்னைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் சர்ச்சிலும் ஆர்க்கெஸ்ட்ராவிலும் கானா செட்டிலும் பேஸ் வாசிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். சேர்த்துவைத்த காசு ஒரு பொருளுக்குத்தான் வரும். அதில் ஆம்ப் வாங்குவதா, காலடியில் வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டியான ப்ரீஆம்ப் பெடல் வாங்குவதா? பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் பெடல். யாருக்கு அது சரிப்படாது என்பதும் கீழே வருகிறது.

அண்ணா, ப்ரீஆம்ப் பெடல் வாங்கினா ஆம்ப் இல்லாமலே சத்தம் வருமா?

வராது. இதைத் தெரியாமல் வாங்கிவந்து, வீட்டில் சொருகிப் பார்த்துவிட்டு, "பீஸ் டெட்" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் உண்டு.

பேஸ் ஆம்ப் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் மூன்று வேலை நடக்கிறது. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைத் தூக்கி அதற்கு ஒரு குணம் கொடுப்பது ப்ரீஆம்ப். அதை ஸ்பீக்கரை ஆட்டும் அளவுக்குப் பெரிதாக்குவது பவர் ஆம்ப். கடைசியில் காற்றைத் தள்ளுவது ஸ்பீக்கர். பெடல் இதில் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். மற்ற இரண்டும் வேறு எங்கிருந்தாவது வரவேண்டும். மேடையில் என்றால் சவுண்ட் சர்வீஸ்காரரின் ரேக்கிலிருந்தும் பாக்ஸிலிருந்தும் வருகிறது.

இந்த வகைப் பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு, சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ அவுட் ஒன்று இருக்கும். நம்ம சவுண்டுக்காரர்கள் "கேனான் பின்" என்று சொல்லும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர்தான் அது. அந்த ஓட்டை இல்லாத பெடலை, எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும், மேடைக்கென்று வாங்காதீர்கள்.

அப்போ ஸ்டேஜுக்கு ஆம்ப்பே வேணாமா?

நீங்கள் எந்த மேடையில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு நடக்கும் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் இரண்டு பக்கமும் 18 அங்குல ஸ்பீக்கர் வைத்த பேஸ் பாக்ஸ், அதன்மேல் டாப், பின்னால் ஜெனரேட்டர். கூட்டத்தின் காதுக்குப் போவது முழுக்க அந்தப் பாக்ஸிலிருந்துதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் 40 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), டிரம்ஸும் பம்பையும் சேர்ந்து எழும்பும்போது உங்களுக்கே கேட்காது. மூன்றாவது வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எங்கே கேட்கப்போகிறது?

காரணம் எளிது. நாலு கம்பி பேஸின் கீழ் இ கம்பி திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பியின் பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய அலையைத் திறந்த வெளியில் எழுப்ப நிறையக் காற்றைத் தள்ளியாகவேண்டும். சின்னக் காம்போவின் எட்டு அங்குலம், பத்து அங்குல ஸ்பீக்கருக்கு அந்த வேலை தாங்காது. நாலு சுவர் இருக்கும் ரிகர்சல் அறையில் சுவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும். தெருவில் அதுவும் இல்லை.

கல்யாண மண்டபம், கோயில் பந்தல், சர்ச் திருவிழா மேடை என்று சவுண்ட் சர்வீஸ் வரும் இடங்களில்தான் நீங்கள் அதிகம் வாசிக்கிறீர்கள் என்றால், காற்றைத் தள்ளும் வேலைக்கு ஏற்கெனவே வேறொருவர் கூலி வாங்கிவிட்டார். அதற்காக நீங்கள் இன்னொரு தடவை காசு போடத் தேவையில்லை. உங்கள் காசு அவர் கையில் கொடுக்கும் சிக்னல் நன்றாக இருப்பதற்குப் போகட்டும்.

மிக்ஸர்ல நேரா கேபிள் சொருகிடறேன். அதுக்கு எதுக்குப் பெடல்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சவுண்டுக்கார அண்ணன் ஒரு நீளமான கேபிளை நீட்டுவார், "சொருகுப்பா" என்பார், நாமும் சொருகிவிடுவோம். சத்தம் வரும். ஆனால் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி வரும்.

பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸின் பிக்கப், தன்னை அதிகம் இழுக்காத ஒரு இன்புட்டை எதிர்பார்க்கிறது; 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் அளவு. மிக்ஸரின் லைன் இன்புட் சாதாரணமாக 10,000, 20,000 ஓம் என்ற கணக்கில் இருக்கும். அந்தச் சுமையை பிக்கப்பால் தாங்க முடியாது. முதலில் போவது மேல் ஸ்தாயி: விரல் கம்பியைத் தொடும் அந்த "டக்", ஃபிரெட்டில் உரசும் சத்தம், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருக்கும் தெளிவு. அளவும் குறையும். அண்ணன் கெய்னைத் திருகுவார், கூடவே இரைச்சலும் ஏறும். பத்தவில்லை என்று பேஸ் குமிழையும் திருகுவார். கடைசியில் பந்தல் கம்பம் அதிரும், ஆனால் என்ன சுரம் வாசிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

கேபிள் நீளமும் சேர்ந்துகொள்ளும். மேடையிலிருந்து மிக்ஸர் வரைக்கும் சாதாரண கிட்டார் கேபிளை இழுத்தால், வழியில் இருக்கும் சீரியல் விளக்கு, ஜெனரேட்டர் ஒயர் எல்லாவற்றின் கொர்ரும் அதில் ஏறும். டிஐ அவுட் கொடுப்பது பேலன்ஸ்டு லைன். ஒரே சிக்னல் இரண்டு ஒயரில் நேரும் தலைகீழுமாகப் போகிறது. வழியில் ஏறிய இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த இரண்டு குறைக்கும், டிஐ வேலையை மட்டும் செய்யும் சின்னப் பெட்டியான ஒரு சாதாரண டிஐ பாக்ஸே போதும், உண்மையைச் சொன்னால். ப்ரீஆம்ப் பெடல் அதோடு டோனையும் உங்கள் காலடியில் வைக்கிறது. அண்ணனிடம் மேடையிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கேட்கத் தேவையில்லை.

எங்க சர்ச்சுல ரெண்டு பாக்ஸ்தான் இருக்கு, பேஸ் பாக்ஸே கிடையாது. எனக்கும் பெடலா?

இல்லை. உங்களுக்கு ஆம்ப்.

சின்ன சபை, மாடியில் ஒரு ஹால், சுவரில் மாட்டிய இரண்டு பாக்ஸ். பிரசங்கத்துக்கும் பாட்டுக்கும் சேர்த்து அதுதான். அந்தப் பாக்ஸில் பேஸ் கிட்டாரை ஏற்றினால் பாடுகிறவர் குரலும் சேர்ந்து குழறும். ஸ்பீக்கர் கிழிந்தால் பழி உங்கள்மேல் விழும். அங்கே 12 அங்குல ஸ்பீக்கரோடு 100 வாட் காம்போ ஒன்றை உங்கள் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. ஃபெண்டர் ரம்பிள் 100 அந்த ரகம். எடை பத்து கிலோவைச் சுற்றித்தான். பின்னால் டிஐ ஓட்டையும் இருப்பதால் நாளைக்கு சபை வளர்ந்து பேஸ் பாக்ஸ் வந்தாலும் வீணாகாது. அதே வரிசையின் ரம்பிள் 25-இல் அந்த ஓட்டை இல்லை. அது வீட்டுக்கு மட்டும்.

சொந்தமாக ரிகர்சல் இடம் வைத்து, டிரம்மரோடு வாரா வாரம் வாசிக்கும் பேண்டுக்கும் இதே பதில்தான். அறையில் பிஏ, அதாவது மிக்ஸரும் பாக்ஸும், இல்லை என்றால் பெடல் ஒரு பேப்பர்வெயிட்.

எத்தனை வாட் வேணும்? 50-க்கு பதிலா 100 வாங்கினா டபுள் சத்தம் வருமா?

வராது. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் ஏறியிருக்கு" என்று தெரியும், அவ்வளவே. சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40-க்கும் 50-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ளாமல், ஸ்பீக்கர் எவ்வளவு பெரியது, பெட்டி எவ்வளவு உறுதி என்று பாருங்கள். டிரம்ஸோடு வாசிக்க 100 வாட்டிலிருந்து தொடங்கலாம்.

ஹவுசிங் போர்டு வீடு. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க.

வரத்தான் செய்வார்கள். பேஸ் சத்தத்துக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. ஒரு குடும்பம் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே பகல் கணக்கைத் தொட்டுவிடும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கே தடை.

வீட்டுக்கு ஹெட்போன்தான் வழி. இங்கே ஒரு சிக்கல்: பிரபலமான ப்ரீஆம்ப் பெடல்கள் பலவற்றில் ஹெட்போன் ஓட்டை கிடையாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன காம்போக்களில் பெரும்பாலும் இருக்கும். பெடல்தான் என்று முடிவெடுத்தவர்கள், அதை ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கம்ப்யூட்டரில் கொடுத்து அங்கிருந்து கேட்கலாம். ரெக்கார்டிங்குக்கும் அதுவே ஆயிற்று.

இன்னொன்று. வீட்டில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கும்போது பேஸ் குமிழை ஏற்றத் தோன்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் இனிமையாக இருந்த அதே செட்டிங்கை மேடையில் வைத்தால் பந்தலே குமுறும். மேடைக்கு எல்லாக் குமிழும் நடுவில் வைத்து அங்கிருந்து தொடங்குங்கள்.

வீட்ல ஹோம் தியேட்டர் இருக்கு. அதுல வாசிக்கலாமா? கிட்டார் ஆம்ப்?

கிட்டார் ஆம்ப்பில் மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது, சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கர் போய்விடும். ஹோம் தியேட்டரும் அப்படியே. கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை. அது தாழ்ந்த ஒலிக்கும் சேர்த்துச் செய்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் பழக்கம் பழசு. ஆனால் அவர் அன்றைக்கு நல்ல மூடில் இருக்கவேண்டும்.

என்னோடது ஆக்டிவ் பேஸ். உள்ளயே ப்ரீஆம்ப் இருக்கே?

இருக்கிறது. மிக்ஸரின் சுமையை அது தாங்கும், எனவே மேலே சொன்ன போர்வை சத்தம் உங்களுக்கு அதிகம் வராது. உங்களுக்கு ஒரு சாதாரண டிஐ பாக்ஸ் போதும். மிச்சக் காசில் நல்ல கம்பி வாங்குங்கள். ஒரே நிபந்தனை, 9 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஜாக்கைச் சொருகி வைத்தால் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள்.

எந்தப் பெடல்? டார்க்கிளாஸ் செமயா இருக்குன்றாங்க.

ஃபின்லாந்தின் டார்க்கிளாஸ் நன்றாகத்தான் இருக்கிறது, மெட்டல் வாசிப்பவர்களுக்கு. அதன் புகழே அந்தக் கிழிசல் சத்தத்தில் இருக்கிறது. கானாவுக்கும் மெல்லிசைக்கும் அது எதற்கு? டெக் 21-இன் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் பல வருடமாக ஊர் ஊராக மேடை ஏறி நிரூபித்தது. எம்எக்ஸ்ஆர் எம்80 இரும்புக்கட்டி மாதிரி உழைக்கும். காசு கம்மியாக இருந்தால் பெரிங்கரின் பிடிஐ21. சான்ஸ்ஆம்ப்பைப் பார்த்துச் செய்தது, பிளாஸ்டிக் உடம்பு, காலால் மிதிக்காமல் கையால் அழுத்தினால் நெடுநாள் வரும்.

டோன் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நடுத்தர ஒலியை, அதாவது மிட் குமிழை, யாரும் வெட்டாதீர்கள். இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் பஸ்ஸில் ஓட்டை ஸ்பீக்கரில் கேட்டாலும் பேஸ் தனியாகப் பாடிக்கொண்டு வருகிறதே, அது மிட்டில்தான் இருக்கிறது. இ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அந்த ஸ்பீக்கரில் வரவே வராது. அதன் மேலடுக்கு ஒலிகளைக் கேட்டுத்தான் காது சுரத்தைக் கண்டுபிடிக்கிறது. மிட்டை வெட்டிவிட்டு பேஸையும் டிரெபிளையும் ஏற்றினால் யூடியூபில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், ஆர்க்கெஸ்ட்ராவில் காணாமல் போகும்.

ஆம்ப் இல்லாமல் டோன் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்காக 1960-களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தவற்றில் பெரும்பகுதி ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸிங் கன்ஸோலுக்குள் போனதுதான்.

வாசிக்கும்போது மைக்ல வாய் பட்டா ஷாக் அடிக்குது. பெடல் வாங்கினா சரியாகுமா?

ஆகாது. இது டோன் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. உடனே வாசிப்பதை நிறுத்துங்கள்.

உங்கள் கம்பி பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மைக் மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு பிளக்கிலிருந்து, அதிலும் ஒன்றில் எர்த் இல்லாமல் வந்தால், நடுவில் ஒயராக இருப்பது நீங்கள். தற்காலிக மேடைகளில் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகி வைத்திருப்பார்கள், அல்லது ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியே அடித்திருக்க மாட்டார்கள். மேடை ஏறியதும் ஒரு டெஸ்டரால் கம்பியையும் மைக் வலையையும் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பல்பு எரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எரியவில்லை என்பதற்காக முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். மைக் தலையில் பஞ்சு உறை ஒன்றை மாட்டிக்கொண்டு பாடுங்கள்.

ஷாக் இல்லை, வெறும் கொர்ர் சத்தம்தான் என்றால் டிஐ பக்கத்தில் "கிரவுண்ட் லிஃப்ட்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், அதில் ஆபத்தில்லை. ஆம்ப்பின் பவர் கார்டில் இருக்கும் எர்த் முள்ளை மட்டும் எந்தக் காலத்திலும் உடைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

பெடலுக்கு கரண்ட் எப்படி?

பெரும்பாலானவை 9 வோல்ட். உள்முனை நெகட்டிவ் உள்ள அடாப்டரா என்று பார்த்து வாங்குங்கள்; கீபோர்டு அடாப்டரை மாற்றிச் சொருகினால் பெடல் போய்விடலாம். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர், எம்80 இரண்டும் மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரிலேயே ஓடும். இருந்தாலும் பேட்டரி போட்டு வையுங்கள். ஜெனரேட்டர் ஒரு நொடி தும்மினால் ஃபாண்டமும் போகும்.

ஜூம் மாதிரி மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கலாமா?

பல எஃபெக்ட்ஸ் ஒரே பெட்டியில் இருப்பதால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்லது. ஜூம் கம்பெனியின் பி1 ஃபோரில் டிரம் தாளம் இருக்கிறது, ஹெட்போன் போடலாம், நாலு சின்ன பேட்டரியில் ஓடும். எக்ஸ்எல்ஆர் அவுட் இல்லை, மேடைக்குத் தனியாக ஒரு டிஐ வேண்டும்.

கடற்கரைப் பக்கம் வீடு. பொருள் தாங்குமா?

காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றில் முதலில் துரு ஏறுவது ஜாக்கும் ஸ்பீக்கர் கம்பி முனைகளும். குமிழைத் திருப்பும்போது கரகர என்று வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இப்படியும் அப்படியும் பலமுறை சுழற்றினாலே பாதி சரியாகிவிடும். எண்ணூர்ப் பக்கம் என்றால் அனல் மின் நிலையச் சாம்பலும் சேரும். ஆம்ப்புக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். பெடலை டப்பாவில் போட்டு மூடலாம், இதில் பெடல் கட்சி ஜெயிக்கிறது.

மழையிலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பெடல் பரணில் ஏறிவிடும். ஆம்ப் வாங்குகிறவர்கள் அதைக் கட்டில்மேல் தூக்கிவைக்க வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரா என்று யோசித்துக்கொள்ளலாம். நனைந்த ஆம்ப்பைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஆன் செய்யாதீர்கள். மெக்கானிக் திறந்து பார்க்கட்டும்.

பழசு வாங்கலாமா?

தாராளமாக. முடிந்தால் பாதிப் பாதியாக, பெடல் புதுசு, சின்ன ஆம்ப் பழசு என்று இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். ஆம்ப்பைப் பார்க்கப்போகும்போது உங்கள் பேஸையும் உங்கள் கேபிளையும் எடுத்துப்போங்கள். இ கம்பியைத் திறந்து அடித்து, சத்தத்தை முக்கால்வாசிக்கு ஏற்றி, முழுதாக ஓயும் வரை கேளுங்கள். நடுவில் காகிதம் படபடக்கும் சத்தம் வந்தால் ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கிறது அல்லது பெட்டியில் ஏதோ கழன்றிருக்கிறது. ஆஃப் செய்துவிட்டு, கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசினால் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது. அரை மணி நேரம் ஆனிலேயே வைத்துவிட்டு விற்பவரோடு டீ குடியுங்கள். சூடேறிய பிறகு வரும் கோளாறு அப்போதுதான் தெரியும். ஸ்பீக்கர் மாற்றுவது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் ஆகக்கூடிய காரியம், எலக்ட்ரானிக் போர்டு போனால்தான் அலைச்சல்.

ரெண்டும் இருக்கு. எப்படி மாட்டறது?

பேஸிலிருந்து பெடல். பெடலின் சாதாரண ஜாக் அவுட்டிலிருந்து ஆம்ப், கேனான் பின்னிலிருந்து மிக்ஸர். ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற ஓட்டை இருந்தால் பெடலை அதில் கொடுங்கள். ஆம்ப்பின் சொந்த ப்ரீஆம்ப்பைத் தாண்டிப் போய்விடும், டோன்மேல் டோன் ஏறாது. இல்லையென்றால் முன்னால் இருக்கும் இன்புட்டில் கொடுத்து, ஆம்ப் குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிடுங்கள். ஆம்ப் சத்தத்தை உங்கள் காதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஏற்றலாம், மிக்ஸருக்குப் போகும் அளவு அதனால் மாறாது. ஆனால் பெடலின் லெவல் குமிழ் பல மாடல்களில் கேனான் அவுட்டையும் சேர்த்தே ஆட்டும். சவுண்ட் செக் முடிந்தபின் அதில் கை வைத்தால் மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் திட்டுவார்.